நிறைகண்மாய்க்குப் பூட்டு

நிறைந்த கண்மாயை அடைத்தவள் என்று எங்கள் ஊரில் ஒரே ஒரு ஆளைத்தான் சொல்வார்கள். அது நான்தான். செவந்தி, மருதேந்தல் கண்மாய்ப் பாசன சங்கத் தலைவர். இதைச் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிடும். நிமிரட்டுமே. வருஷக்கணக்காகக் குனிந்து களை எடுத்த கழுத்துதானே.

கோட்டைப்பட்டினத்திலிருந்து மேற்கே வந்தால், மீன் வாடை நின்று நெல் வாடை தொடங்குகிற இடம் எங்கள் ஊர். கடல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தண்ணீரில் தெரியும். ஆழ்துளைப் போர் தண்ணீரில் உலை வைத்தால் உப்புப் போட வேண்டாம் என்று இங்கே வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்களிடம் முதல் நாளே கேலி பேசுவார்கள். கல்லணைக் கால்வாய்க்கு நாங்கள் கடைமடை. அந்தத் தண்ணீர் எங்கள் ஊருக்கு வருவதும் கலெக்டர் வருவதும் ஒன்றுதான். வந்தால் மாலை போடுவோம், வராவிட்டால் மனுப் போடுவோம். ஆக, நல்ல தண்ணீர் என்றால் எங்களுக்குக் கண்மாய் ஒன்றுதான்.

கண்மாய் பெருகியதும் மடைக்கருப்பருக்குப் பொங்கல் வைத்து மடையைத் திறப்போம். வாய்க்காலில் முதல் மண்வெட்டி போடுவது என் பிறந்த வீட்டு உரிமை. அப்பாவுக்குப் பிறகு அதை என் அண்ணன் ரத்தினவேல் போடுகிறார். மடையை ஒட்டி இருப்பது அவருடைய தலைவயல். அதற்கு அடுத்தது எனக்குச் சீதனமாக வந்த வயல். ஒருமுறை பொங்கல் வைத்துத் திறந்த மடையைக் கண்மாய் வற்றுகிற வரைக்கும் யாரும் அடைக்கக் கூடாது. நிறைந்த கண்மாயை அடைத்தால் கருப்பருக்கு ஆகாது, ஊருக்கும் ஆகாது. இதுதான் எங்கள் ஊர் வழக்கம். இந்த வழக்கத்தால்தான் நாங்கள் வருஷா வருஷம் மண்ணைத் தின்றோம்.

எப்படி என்று கேளுங்கள். கார்த்திகையில் கண்மாயில் தண்ணீர் தளும்பும். இருக்கிறதே என்று இரவு பகலாகப் பாய்ச்சித் தீர்ப்போம். மார்கழியில் கதிர் வெளியே எட்டிப் பார்க்கிற நேரத்தில் கண்மாய் வற்றிவிடும், போரைப் போடுவோம். பயிர் பார்க்கப் பச்சையாகத்தான் நிற்கும். கதிரும் முழத்துக்கு வரும். ஆனால் அறுப்புக்குப் போனால் ஒரு கதிரும் தலை சாய்ந்திருக்காது. எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் மாதிரி விறைப்பாக நிற்கும். உள்ளே பார்த்தால் ஒன்றும் இருக்காது. முக்கால்வாசி பதர்.

போன வருஷமும் அப்படித்தான். ஆனால் என் வயலில் ஒரு மூலை மட்டும் நெல் சாய்ந்து தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அதே விதை, அதே உரம். நாற்றில் குடித்ததும் அதே தண்ணீர். நான் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். கண்மாய்ப் பள்ளத்தில் மிஞ்சி நின்ற கொஞ்சம் தண்ணீர், கரைக்கு அடியில் கசிந்து அந்த மூலைக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது. கையில் ஏந்திக் குடித்தேன். இளநீர் மாதிரி இருந்தது.

"அது ராசியான மூல செவந்தி" என்றார் என் வீட்டுக்காரர் கண்ணுசாமி. ராசி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. அவருக்கு அது வசதி. எனக்கு இல்லை.

குடுமியான்மலையில் விவசாயிகளுக்குப் பயிற்சி என்று வேன் வைத்து அழைத்துப் போனார்கள். அங்கே வேளாண்மை அலுவலர் அன்புமொழி என்ற பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். என் மூலையைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பெண் அடுத்த வாரமே ஸ்கூட்டியில் ஊருக்கு வந்து இறங்கியது. பேனா மாதிரி ஒரு மீட்டரைப் போர் தண்ணீரில் விட்டது, கசிவுத் தண்ணீரில் விட்டது, பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தது.

"அக்கா, பயிரும் நம்மள மாதிரித்தான். பச்சப் புள்ளயா இருக்கறப்பவும் உப்பு ஆகாது, வாயும் வயிறுமா இருக்கறப்பவும் ஆகாது. நடுவுல தூர் கட்டிப் பெருக்கறப்ப ஓரளவு தாங்கிக்கும்."

"அப்ப நாங்க நடுவுல பாயாசத்த ஊத்தி வளத்துட்டு, பிரசவத்துல கருவாட்டுத் தண்ணிய குடுத்திருக்கோம்."

"அதேதான். நீங்க மாத்திச் செய்யுங்க. நடுவுல போர் தண்ணி, கதிருக்குக் கண்மாய்த் தண்ணி. ஆனா போர் தண்ணிய வயல்ல சுண்ட விடாதீங்க. சுண்டினா உப்பு வெள்ளையாப் பூத்துரும். நின்ன தண்ணிய வடிச்சுட்டுப் புதுத் தண்ணி மாத்திக்கிட்டே இருக்கணும்."

சொல்வதற்கு எவ்வளவு எளிது பாருங்கள். இதைச் செய்ய வேண்டுமானால் கார்த்திகையில், கண்மாய் நிறைந்து கிடக்கும்போது, பொங்கல் வைத்துத் திறந்த மடையை அடைக்க வேண்டும்.

அடைக்கிற அதிகாரம் என் கைக்கு எப்படி வந்தது என்பது ஒரு வேடிக்கை. சங்கத் தேர்தலில் அண்ணனுக்கும் மேலத்தெருக்காரர்களுக்கும் ஒத்துவரவில்லை. நடுவில் ஒரு பொம்பளை இருக்கட்டும் என்று அண்ணன்தான் என்னை நிறுத்தினார். நாற்காலியில் தங்கை இருந்தாலும் மடை ஷட்டரின் சாவி தன் வீட்டு ஆணியில் தொங்கும் என்பது அவர் கணக்கு. ஜெயித்த அன்றைக்கே நான் போய் அந்தச் சாவியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

இந்த வருஷம் புரட்டாசியில் விதைத்தோம். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கைத் தட்டியது. பொங்கல் வைத்தோம், அண்ணன் முதல் மண்வெட்டி போட்டார், இளம்பயிர் நல்ல தண்ணீர் குடித்துத் தெளிந்தது. கார்த்திகை பிறந்ததும் மழை நின்றுவிட்டது. பயிர் தூர் கட்ட ஆரம்பித்திருந்தது. நான் ஒரு காலை நேரம் மடைக்குப் போனேன். கருப்பருக்குச் சூடம் காட்டினேன். ஷட்டரை இறக்கினேன். பூட்டினேன்.

வெயில் ஏறுவதற்குள் ஊரே கரையில் நின்றது.

"தலைவரம்மா, கண்மாய் நெறஞ்சு கெடக்கு, எங்கள உப்புத் தண்ணி பாச்சச் சொல்றீங்களா?"

"ஆமாங்க. கதிர் வாரப்ப இத விட நல்ல தண்ணி தாரேன்."

"கருப்பருக்குத் தாகம் எடுத்தா ஊரு தாங்காதுத்தா" என்றார் ஒரு பெரியவர்.

"மார்கழியில அவருக்குத் தாகம் எடுத்தா கண்மாயில தண்ணி இருக்கணும்ல. அதுக்குத்தான் அடைக்கிறேன்" என்றேன். "ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு நீங்கதானய்யா சொல்லுவீங்க. கண்மாய்க்கு மட்டும் அளவு கெடையாதா?"

கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தார்கள், சிலர் யோசித்தார்கள். அன்புமொழி வந்து பேசியதையும், என் வயல் மூலையையும் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். போன வருஷத்துப் பதரை எல்லோருமே பார்த்திருந்தார்கள். அதனால் பூட்டை உடைக்க யாரும் கையை நீட்டவில்லை. அண்ணன் மட்டும் முன்னே வந்தார்.

"தொறத்தா."

"மாட்டேண்ணே."

"நான் முதல் மண்வெட்டி போட்டுத் தொறந்த மடை. என் கண்ணு முன்னால நீ அடைக்கிற."

"பயிருக்காக அடைக்கிறேண்ணே. ஒங்களுக்காக இல்ல."

அவர் முகம் கறுத்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டார். ஊர் கேட்கும்படி சொன்னார்: "இனி நீ தொறக்கற தண்ணி என் வயல்ல படாது. இந்த வருஷம் ஊர்ல ஒரே ஒரு வயலு பதராப் போனாலும், புவனாவுக்குத் தாய்மாமன்னு ஒருத்தன் இல்லன்னு நெனச்சுக்க. மால போட வேற ஆளப் பாத்துக்க."

புவனேஸ்வரி என் மகள். புதுக்கோட்டையில் நர்ஸ். மாசி மாதம் கல்யாணம் குறித்திருந்தோம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் கொண்டுவந்து, மாலை போட்டு, கைபிடித்து அழைத்து வராமல் பெண் மணவறையில் உட்கார முடியாது. உட்கார்ந்தாலும் காலத்துக்கும் பேச்சு இருக்கும்: 'மாமன் இல்லாத கல்யாணம்.' புவனாவை மடியில் வைத்துக்கொண்டு மொட்டை போட்டுக் காது குத்தியவர் அவர். ஆனாலும் சாவி இடுப்பில்தான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

கார்த்திகை முழுவதும் உப்புத் தண்ணீர் பாய்ச்சினோம். வடித்தோம், மறுபடி பாய்ச்சினோம், மறுபடி வடித்தோம். சோம்பேறித்தனமாக யாராவது வடிக்காமல் விட்டால் வரப்பில் நின்று சத்தம் போட்டேன். இலை நுனி கருகியது. ஒவ்வொரு இலையும் நெருப்பில் காட்டி எடுத்த மாதிரி பழுத்து நின்றது. அதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. கண்மாயைப் பார்த்தால் தண்ணீர் தளும்பிக்கொண்டு நின்றது. வயலைப் பார்த்தால் பயிர் பழுத்துக்கொண்டு நின்றது. இரண்டுக்கும் நடுவில் என் பூட்டு.

"நுனிதான் கருகுது, குருத்து பச்சையா இருக்கு பாருங்கக்கா. குருத்தப் பாத்துக்கிட்டே இருங்க" என்று அன்புமொழி போனில் தைரியம் சொன்னது. தினமும் குருத்தைப் பார்த்தேன். தினமும் பச்சையாக இருந்தது.

கண்ணுசாமியின் கட்சி தினமும் மாறியது. காலையில் டீக்கடைக்குப் போய்விட்டு வந்தால், "ஊரு சொல்றதுலயும் ஞாயம் இருக்கு" என்பார். மத்தியானம் என் சோற்றைச் சாப்பிட்டால், "நீ சொல்றதுதான் சரி" என்பார். நல்ல மனுஷன். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம்.

மார்கழி பிறந்தது. பயிரின் தண்டு உருண்டு திரண்டு, உள்ளே கதிர் அடைந்து தொண்டைக்கதிர் கட்டியது. நான் பூட்டைத் திறந்தேன். கலுங்கு வரைக்கும் நின்ற கண்மாய் அப்படியே எங்களுக்காகக் காத்திருந்தது. எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் மார்கழியில் மடை பாய்ந்து யாரும் பார்த்ததில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது, கார்த்திகையில் என்னைத் திட்டிய பெண்களே குலவை போட்டார்கள். நானும் சேர்ந்து போட்டேன். என் குலவைதான் பெரிதாகக் கேட்டது.

முறை வைத்து விட்டோம். ஒவ்வொரு வயலுக்கும் வாரத்துக்கு ஒரு முறை. முதல் முறை தலைவயலுக்கு, அதாவது அண்ணனுக்கு. ஆனால் வயலுக்குத் தண்ணீர் நுழைகிற வாமடையை அவர் மண்ணைக் குவித்து அடைத்திருந்தார். அடைத்ததோடு நில்லாமல் மிதித்து, மேலே கல்லையும் வைத்திருந்தார். அவர் போர் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீரைக் கதிருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார் மனுஷன், வீம்புக்கு.

மதினி வரப்பில் நின்று என்னிடம் கண்ணைக் கசக்கியது. "நான் சொன்னா கேக்குறாரா? 'சொன்ன சொல்லு சொன்னதுதான்'ங்கறாரு. கதிர் வெளிய வரப் போகுது செவந்தி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரில் ஒரே ஒரு வயல் பதராகப் போனாலும் தாய்மாமன் இல்லை என்று சொன்னாரே, அந்த ஒரு வயல் அவருடைய வயலாகத்தான் இருக்கப்போகிறது. மற்ற வயல்கள் எல்லாம் நல்ல தண்ணீரில் செழித்துக்கொண்டிருந்தன. தன் வயலைத் தானே கெடுத்துக்கொண்டு, அந்த ஒரு வயலைக் காட்டி என் மகளுக்கு மாலை போட மாட்டார். வேண்டுமென்று செய்கிறவர் இல்லை அவர். வாய் தவறி விட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற ஜாதி. எங்கள் வீட்டில் எல்லோருமே அப்படித்தான், என்னையும் சேர்த்து.

இரண்டாம் முறை சுற்றி வந்தது. அவர் முறையில் அவர் வாமடையைத் திறக்கவில்லை, தண்ணீர் அடுத்த வாய்க்காலுக்குப் போனது. மறுநாள் விடிந்ததும் என் முறை. மண்வெட்டியோடு போனேன். என் வயலைத் திறக்கவில்லை. அண்ணன் வைத்த கல்லைத் தூக்கி எறிந்தேன், மிதித்து வைத்திருந்த மண்ணை நாலே வெட்டில் வெட்டினேன். என் முறைத் தண்ணீர் முழுவதும் தலைவயலுக்குள் போனது. அங்கே கதிர்கள் வெளியே வந்து, வாய் திறந்து நின்றுகொண்டிருந்தன. தண்ணீர் உள்ளே பரவுவதைப் பார்த்துக்கொண்டு வரப்பிலேயே நின்றேன். பாசத்தால் செய்தேனா, நான் அடைத்த கண்மாயில் ஒரு வயல்கூடப் பதராகக் கூடாது என்ற வீம்பால் செய்தேனா என்று கேட்டால், எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்.

ஆனால் எங்கள் ஊரில் அடுத்தவர் வாமடையில் கை வைப்பது பெரிய குற்றம். தண்ணீர் திருடியவனைக்கூட மன்னிப்பார்கள். வாமடையை வெட்டியவனை மன்னிக்க மாட்டார்கள். அண்ணன் அன்று சாயங்காலமே சங்கத்தைக் கூட்டச் சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஊர் உட்கார்ந்தது. தலைவர் நாற்காலியில் நான். எதிரே புகார்க்காரர்.

"தலைவரம்மா" என்றார் அண்ணன். வாழ்க்கையிலேயே முதல்முறை என்னை அப்படிக் கூப்பிட்டார். "என் வாமடைய வெட்டி என் வயல்ல தண்ணிய விட்டுப்புட்டாக."

"யாரு விட்டதுங்க?" என்று கேட்டேன்.

"நீங்கதான்."

மைதானத்தில் சிரிப்பு வெடித்தது. "ஒரு வாளி தண்ணிக்கு அவனவன் வெட்டிக்கிட்டுச் சாகறான், இவரு தண்ணி வந்துருச்சுன்னு பிராது குடுக்கறாரு" என்று ஒருவர் கத்தினார். "தண்ணிய விட்டதுக்கு என்ன தண்டன? திரும்ப எறச்சு ஊத்தச் சொல்லுவமா?" என்று இன்னொருவர் கேட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அண்ணன் சிரிக்காமல் நின்றார். அவர் காது மட்டும் சிவந்திருந்தது. இன்னொன்றையும் நான் கவனித்திருந்தேன். புகார் கொடுக்க ஓடி வந்த மனுஷன், வயலில் நின்ற தண்ணீரை வடிய விடவில்லை. வெட்டிய வாமடையை மறுபடி அடைத்திருந்தார், ஆனால் தண்ணீர் உள்ளேதான் இருந்தது.

விட்டுவிடுவோம் என்று ஊர் சொன்னது. நான் எழுந்து நின்றேன்.

"விட முடியாதுங்க. போன வாரம் கடைசி வயக்காரர் பக்கத்து வாமடையில கை வச்சாருன்னு, அடுத்த மொறைத் தண்ணி கெடையாதுன்னு நான்தான் சொன்னேன். அவருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? நல்லதுக்குச் செஞ்சாலும் கெட்டதுக்குச் செஞ்சாலும் வெட்டுனது வெட்டுனதுதான். குத்தவாளி செவந்திக்கு அடுத்த மொறைத் தண்ணி கெடையாது."

எனக்கு அந்த நேரத்தில் என்னைப் பார்த்தே பெருமையாக இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த முறைத் தண்ணீரை அண்ணனுக்கு விட்டாகிவிட்டது. அடுத்த முறையும் இல்லை என்றால், பூத்துப் பால் பிடிக்கிற நேரத்தில் என் வயலுக்குப் போர் தண்ணீர்தான். ஊரில் பதராகப் போகிற அந்த ஒரே வயல் இப்போது என்னுடையது.

"தனக்கு மிஞ்சித்தாண்டி தானம்" என்றார் கண்ணுசாமி. முதல்முறையாக டீக்கடைக்குப் போகாமல் தானாகவே ஒரு கருத்துச் சொன்னார். "மகளுக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு இப்படித் தீர்ப்புச் சொல்லுவியா? உப்பத் தின்னவ தண்ணி குடிக்கணும்பாங்க. ஒன் வயலு உப்பையும் தின்னு, தண்ணியும் இல்லாம நிக்கப் போகுது."

"நான் சொன்ன தீர்ப்ப நானே மாத்துனா, அடுத்த வருஷம் இந்தப் பூட்ட எவன் மதிப்பான்?"

போர் ஸ்விட்சைப் போடாமல் இருந்து பார்த்தோம். வெயில் உறைத்தது. என் வயலில் பூ பூத்திருந்தது. முற்பகலில் நெல் பூக்கும்போது வயலுக்குள் யாரும் இறங்க மாட்டார்கள். வரப்பில் நின்றுதான் பார்ப்பார்கள். நானும் நின்று பார்த்தேன். காலடி மண் ஈரம் குறைந்து, ஓரத்தில் லேசாக வெள்ளை பூக்க ஆரம்பித்திருந்தது. நெல்லுப் பூவும் வெள்ளை, உப்புப் பூவும் வெள்ளை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அது ஞாயிற்றுக்கிழமை. புவனா லீவுக்கு வந்திருந்தாள். மூன்றாம் முறை அன்றுதான் தொடங்கியது; முதல் முறை தலைவயலுக்கு. திறந்துவிட நான் மடைக்குப் போனேன், புவனாவும் கூட வந்தாள். தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. யார் வீட்டில் என்ன விசேஷம் என்று திரும்பிப் பார்த்தேன்.

கரை மேல் அண்ணன் வந்துகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் மண்வெட்டி. பின்னால் மதினி, தலையில் தாம்பாளம். தேங்காய், பழம், வெற்றிலை, மஞ்சள், மேலே ஒரு பட்டுச்சேலை. அதற்கும் பின்னால் மேளக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால், கேட்கவே வேண்டாம், ஊர்.

மடைக்கு முன்னால் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. புவனாவைப் பார்த்தார்.

"ஆத்தா புவனா, இங்கிட்டு வா."

அவள் போய் நின்றாள். மதினி தாம்பாளத்தை அவள் கையில் கொடுத்தது.

"ஒன் கல்யாணத்துக்கு மாமனோட முதல் சீரு இது" என்றார் அண்ணன். குரல் தடுமாறியது. இருமிக்கொண்டார். "சேல மாசியில கட்டிக்கலாம். இன்னிக்கு என் மொறைத் தண்ணியச் சீராத் தாரேன். இந்த மொறைத் தண்ணி பூராவும் ஒன்னுது. எந்த வயலுக்கு விடணுமோ விட்டுக்க."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சங்கத் தலைவர் என்ற நினைப்பு மட்டும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. "அண்ணே, எனக்குத் தண்ணி கெடையாதுன்னு தீர்ப்பாயிருச்சு. சங்கத்துல…"

"ஒனக்கு யாரு தந்தா?" என்று திரும்பினார். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் பழைய அதிகாரம். "என் மருமகளுக்குத் தாரேன். தீர்ப்புச் சொல்றது ஒன் உரிம. சீரு செய்யறது என் உரிம. மாமன் சீர வேணாங்கறதுக்கு எந்தச் சங்கத்துலயாவது சட்டம் இருக்கா? இருந்தாச் சொல்லு, கேட்டுக்கறேன்."

"இல்லீங்க!" என்று ஊர் கத்தியது.

"ஆனா ஒங்க வயலுக்கு…" என்று இழுத்தேன்.

"என் வயல்ல தண்ணி நிக்கிது. எந்தக் களவாணி வெட்டி விட்டான்னு தெரியல. நல்ல தண்ணி. கதிர் பூராப் பால் கட்டிக்கிட்டு வருது" என்றார். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "ஒன் மூலைய நானும் போன வருஷமே பாத்தேன்த்தா. ஒத்துக்க மனசு வரல."

நான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன். ஷட்டரைத் தூக்கினேன். தண்ணீர் பாய்ந்து வந்தது. புவனா தாம்பாளத்தோடு வரப்பில் நடந்துபோய் என் வயலின் வாமடையைக் காட்டி, "இங்கிட்டு விடுங்க மாமா" என்றாள். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். என் சீதன வயலுக்கு, என் அப்பா ஒரு காலத்தில் எனக்கென்று ஒதுக்கிய வயலுக்கு, முதல் மண்வெட்டி போட்டார். மேளம் கொட்டியது. பெண்கள் குலவை போட்டார்கள். எனக்குத்தான் குலவை வரவில்லை.

தை கடைசியில் அறுத்தோம். ஊரில் ஒரு வயல்கூட விறைப்பாக நிற்கவில்லை. தலைவயலிலிருந்து கடைசி வயல் வரைக்கும் கதிர்கள் குனிந்து கிடந்தன. அறுவடை மிஷின்காரர், "எந்தக் கால்வாய்த் தண்ணிங்க இது?" என்று கேட்டார். எங்க கண்மாய்த் தண்ணி என்று நான் சொன்னதை வயலில் நின்ற எல்லோரும் கேட்டிருப்பார்கள்; அவ்வளவு சத்தமாகச் சொன்னேன். என் வயலில் மட்டும் மேட்டுப் பக்கம் கொஞ்சம் பதர் இருந்தது. அது என் தீர்ப்புக்கான பதர். அதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

மாசியில் கல்யாணம். அண்ணன் புவனாவுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தார். புது நெல் அரிசியில்தான் பந்தி. எல்லாம் முடிந்து, மாலை வாடிக்கொண்டிருந்த நேரத்தில் மண்டப வாசலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டார்.

"அடுத்த கார்த்திகையில என்னிக்குத்தா அடைக்கப் போற?" என்று கேட்டார்.

"மழையப் பாத்துச் சொல்றேண்ணே. எதுக்குக் கேக்கறீங்க?"

"இல்ல, தொறக்கறதுக்குப் பொங்கல் வைக்கிறோம். அடைக்கறதுக்கும் ஒண்ணு வச்சுருவோம். கருப்பரு கோவிச்சுக்க மாட்டாருல்ல." வெற்றிலையை மென்றுகொண்டே என் இடுப்பை ஓரக்கண்ணால் பார்த்தார். "நம்ம வீட்டு உரிமன்னு ஒண்ணு இருக்குல்ல. முதல் பூட்ட நான் போடுறேன்."

நான் சாவியை இன்னும் கொஞ்சம் உள்ளே செருகிக்கொண்டேன்.

"முதல் மண்வெட்டிதாண்ணே ஒங்களுது" என்றேன். "பூட்டு என்னுது."